தளம் போட்ட அன்று பாப்பா கொண்டுவந்த பை

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். அப்பா பத்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். தம்பி, உன் அக்கா யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் போலீஸில் மாட்டினாள் என்றுதான் உனக்குத் தெரியும். உன் மாமா உனக்கு அப்படித்தான் சொன்னார். நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய். அந்தப் பொய்யை வாயைத் திறந்து சொன்னவன் நான்.

அது பாரிவாக்கத்தில் நம் வீட்டுக்குத் தளம் போட்ட நாள். அப்போது நாம் கோவில்பதாகையில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. நினைத்த நாளில் லீவு போட முடியாது. அதனால் குடியரசு தினமாகப் பார்த்து நாள் குறித்தோம். தை மாதம், முகூர்த்தமும் நன்றாக இருக்கிறது என்று உங்கள் அம்மா காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

வீடு கட்டியவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். தளம் போடும்போது கலவை மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. பாதியில் நின்றால் அந்த இடத்தில் பின்னால் ஒழுகும். ஆட்கள் சாரத்தில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு மதியம் வீட்டுக்காரர் பிரியாணி போட வேண்டும். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு குவார்ட்டர் கொடுக்க வேண்டும். கூலி வேறு, இது வேறு. எந்தப் பேப்பரிலும் எழுதியிருக்காது. ஆனால் கொடுக்காத வீட்டுக்காரரைப் பற்றி அடுத்த தளத்தில் சிரித்துப் பேசுவார்கள்.

மேஸ்திரி ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார்.

"சார், அன்னிக்கு கடை லீவு. முன்னாடியே வாங்கி வெச்சிடு. அப்பால கடை மூடிட்டான், நான் இன்னா பண்றதுன்னு கைய விரிக்காத."

"வாங்கிடலாம் மேஸ்திரி."

"உன்ன நம்ப முடியாது சார். நீ மோர் குடிக்கிற ஆளு. கடைசில எங்களுக்கும் மோர் ஊத்திட்டுப் போயிடுவ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அந்தப் பெருமையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் குடிக்காதவன். கம்பெனியில் சம்பள நாள் அன்று மற்றவர்கள் கும்பலாகக் கிளம்பும்போது நான் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வருபவன். உங்கள் அம்மாவைப் பெண் பார்த்தபோது அவள் அப்பாவிடம் தரகர் முதலில் சொன்ன வார்த்தையே "பையன் தொட மாட்டான்" என்பதுதான். கடை வாசலில் நின்றதில்லை, பாட்டிலைக் கையால் தொட்டதில்லை என்று உங்களிடமே எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்தப் பேர் கெடக் கூடாது என்று எனக்கு இருந்தது. அதனால் நான் வாங்கவில்லை. உங்கள் மாமாவை வாங்கச் சொன்னேன். அவர் முதல் நாளே வாங்கி, ஆவடியில் தன் வீட்டில் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். காலையில் சிமெண்ட் லாரியோடு வந்தவர் பையை மறந்துவிட்டு வந்துவிட்டார்.

பதினோரு மணிக்குமேல்தான் அது தெரிந்தது. மேஸ்திரி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "சார், நம்ம ஐட்டம் வந்துச்சா?" என்றார். உங்கள் மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, ஊட்லயே விட்டுட்டு வந்துட்டேன் மாமா. இரு, இதோ போய் எடுத்துகினு வந்துட்றேன்."

அவர் பக்கத்தில் வந்து பேசியபோதே வாசனை அடித்தது. காலையிலேயே தனக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"நீ போவாத மச்சான். வழியில ஊதச் சொன்னான்னா மாட்டிப்ப."

"அப்போ நீ போ."

நான் போயிருக்கலாம். ஒரு அரை மணி நேரம் உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். மேஸ்திரி தெரிந்தவர்தான். ஆனால் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பூந்தமல்லி ரோட்டில் வருவதை நினைத்துப் பார்த்தேன். கம்பெனி ஆட்கள் யாராவது பார்த்தால்? செக்கிங்கில் பையைத் திறந்து காட்டச் சொன்னால்? நடுரோட்டில் நான் பாட்டிலோடு நிற்க வேண்டும். அப்போதுதான் பாப்பா, உன் ஞாபகம் வந்தது.

நீ பிளஸ் டூ. கொடியேற்றம் முடிந்து பள்ளியிலிருந்து நேராக இங்கே வருவதாக இருந்தது. நம் வண்டி அன்று உன்னிடம்தான் இருந்தது. உனக்குப் பதினேழு வயது, லைசென்ஸ் கிடையாது. ஆனால் நீ ஒன்பதாவது படிக்கும்போதே நான்தான் பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். நீ தனியாக ஓட்டிய முதல் நாள் வீடியோ எடுத்து, ‘என் சிங்கக்குட்டி’ என்று போட்டு ஸ்டேட்டஸ் வைத்தேன். நாற்பது பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள். தப்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நம் தெருவில் பால் வாங்க, டியூஷனுக்கு, ரேஷனுக்கு எல்லாவற்றுக்கும் பிள்ளைகள்தான் வண்டி எடுத்துப் போகிறார்கள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

உங்கள் மாமாவிடம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதக் கை கூசுகிறது.

"பாப்பா ஸ்கூல் டிரெஸ்ல வரும். பொட்டப் புள்ளய எவன் நிறுத்தப் போறான்?"

உங்கள் மாமா என் தோளைத் தட்டி, "சூப்பர் மாமா, உனுக்கு மூளை கீது" என்றார்.

நான் போன் போட்டேன். "பாப்பா, வர வழியில மாமா ஊட்டுக்குப் போ. அத்தை ஒரு பை குடுப்பாங்க. எடுத்துகினு வா."

"இன்னாப்பா பை?"

"வேலைக்கு வேணும். சாமான்."

"இன்னா சாமான்?"

"கேள்வி கேக்காத. கலவை ஓடிகினு கீது. சீக்கிரம் வா. பாத்து வா."

பாத்து வா என்றும் சொல்லியிருக்கிறேன்.

பிரியாணி வந்து இறங்கியது. மேலே தளம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. நீ வரவில்லை. என் போன் அடித்தது. உன் நம்பர்தான், ஆனால் பேசியது ஒரு பெண் போலீஸ்.

"நீங்க இந்தப் பொண்ணோட அப்பாவா? வண்டி உங்க பேர்லயா? கிளம்பி ஸ்டேஷனுக்கு வாங்க."

பாரிவாக்கம் சந்திப்புக்கு முன்னாலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அன்றைக்குக் கடை லீவு. கடை மூடுகிற நாளில்தான் கள்ளத்தனமாக விற்பவர்கள் சரக்கை இடம் மாற்றுவார்கள். பொம்பளைகளையும் பிள்ளைகளையும் வைத்துத்தான் மாற்றுவார்கள் என்று போலீஸுக்கு நன்றாகத் தெரியும். நான் என்ன நினைத்து உன்னை அனுப்பினேனோ, அதைத்தான் அவர்கள் ரோட்டில் நின்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

மெஷினை நிறுத்தாமல், உங்கள் அம்மாவிடம் "பாப்பாவ வண்டி செக்கிங்ல நிறுத்திட்டாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் கிளம்பினேன். உங்கள் மாமாவும் ஏறிக்கொண்டார். அவர் கால் டாக்சி ஓட்டுகிறவர். வழியில் என் காதோரம் சொன்னார்:

"மாமா, நான் சொல்றத கேளு. எங்க ஸ்டாண்ட்ல ஒருத்தன் இப்டித்தான் தப்பிச்சான். புள்ள வண்டி ஓட்டுனா அப்பன் மேலதான் கேஸ். ஆனா எனுக்குத் தெரியாம எடுத்துகினு போயிட்டான்னு சொல்லிட்டா, அப்பன் மேல நிக்காது. நீ உள்ள போய்ட்டா வேலை போயிடும். வூட்டு லோனு யாரு கட்றது? பாப்பா சின்னப் புள்ள, அத இன்னா பண்ணிடுவாங்க? அட்வைஸ் பண்ணி அனுப்பிடுவாங்க."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் நீ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். யூனிபார்மில் குத்தியிருந்த சின்னக் காகிதக் கொடியைக் கழற்றிக் கையில் மூடி வைத்திருந்தாய். மேஜைமேல் அந்தப் பை. பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடியிருந்ததை விலக்கி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்பா வந்துவிட்டார், இனி அவர் பேசிக்கொள்வார் என்று.

எஸ்.ஐ. வயதில் என்னைவிடச் சின்னவர். உட்காரச் சொல்லவில்லை, அதட்டவும் இல்லை.

"பொண்ணுக்கு வயசு பதினேழு. லைசென்ஸ் இல்ல. வண்டி உங்க பேர்ல இருக்கு. அப்பா நீங்க. பிள்ளை கையில வண்டி குடுத்தா பெத்தவங்க மேல கேஸ், தெரியுமில்ல? வண்டிக்கு ஒரு வருஷம் ஆர்.சி. ரத்து. இவளுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. இது வண்டிக்கு மட்டும்." பையைக் காட்டினார். "இது தனி. சின்னப் பிள்ளைய வெச்சு சரக்கு எடுத்துட்டு வரச் சொன்னா, சொன்னவன் ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். இப்ப சொல்லுங்க. நீங்க அனுப்புனீங்களா, அதுவா எடுத்துட்டு வந்துச்சா?"

ஏழு வருஷம் என்றதும் உங்கள் மாமா ஆட்டோவில் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. உன்னை நான் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"எனக்குத் தெரியாதுங்க சார். அதுவா சாவிய எடுத்துகினு வந்துட்டுது."

பாப்பா, நீ அப்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஆமா சார். நான்தான் எடுத்தேன். அப்பாக்குத் தெரியாது."

எஸ்.ஐ. என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. வண்டிய நீயே எடுத்த. இந்தப் பை?"

அத்தை கொடுத்தார்கள் என்று சொன்னால் அத்தை மாட்டுவார்கள், மாமா மாட்டுவார், அப்புறம் நான். நீ ஒவ்வொருவராக யோசித்துக்கொண்டிருந்தாய் என்பது உன் முகத்தில் தெரிந்தது.

"அப்ப நானே சொல்றேன். ஒரு பிளஸ் டூ பொண்ணு தானா வண்டி எடுத்து, தானா இவ்ளோ பாட்டில் வாங்கி, லீவு நாள்ல யாருக்கோ குடுக்கப் போயிருக்கு. அப்படியே எழுதிடட்டுமா?"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கோபம் தணிந்து அவரே விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். உங்கள் மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

பெண் போலீஸ் பேப்பரை எடுத்து உன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பேரு சொல்லும்மா."

சொன்னாய்.

"இனிஷியல்?"

நீ என் பேரின் முதல் எழுத்தைச் சொன்னாய். ஸ்கூலில் வருகைப்பதிவுக்குச் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாய். அவர் அதை எழுதினார். எழுதியது தலைகீழாக எனக்குத் தெரிந்தது. அந்தத் தாளில் முதலில் ஏறியது என் எழுத்து. அதன் பின்னால் உன் பேர். அதன் கீழே நான் செய்தது எல்லாம் நீ செய்ததாக வரப்போகிறது.

"எழுதாதீங்கம்மா," என்றேன். "நான்தான் அனுப்பினேன். போன் பண்ணி எடுத்துகினு வரச் சொன்னதே நான்தான். பையில இன்னா கீதுன்னு அதுக்கு நான் சொல்லல."

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். பிறகு, "உங்களுக்குக் குடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லங்க சார். தொட்டதே இல்ல."

எத்தனையோ பேரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வார்த்தை. அவர் பையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "அது சரி, நீங்க எதுக்குத் தொடப்போறீங்க" என்றார்.

ஒரு போலீஸ்காரர் சைட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தளம் போடுவது நிஜம், விற்பதற்கு இல்லை என்பது அவர்களுக்குத் தெளிவானது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். வண்டியை எடுத்துக்கொண்டார்கள், பாட்டில்களை எடுத்துக்கொண்டார்கள். என் மேல் வழக்கு ஆனது. வண்டி வழக்கில் அபராதம் கட்டி முடித்துவிட்டேன். உன்னைச் சரக்கு எடுத்துவரச் செய்த வழக்குக்கு இன்னும் பூந்தமல்லி கோர்ட்டுக்குத் தேதி தேதியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். தம்பி, நான் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போன சில நாட்கள் அதற்குத்தான். வக்கீல் என்ன முடிவாகும் என்று சொல்லவில்லை. நானும் இப்போது நச்சரிப்பதில்லை. ஆனால் பாப்பா, நீயும் சின்னப் பிள்ளைகள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்கு முந்தின நாள். நீ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாய். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

அன்று ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் நீ என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பையில இன்னான்னு எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா," என்றாய். "ஒரு பள்ளத்துல வண்டி எறங்குச்சு. பாட்டில் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் போயிடலாமான்னு நெனச்சேன். நீ வெயிட் பண்ணிகினு இருப்பியேன்னுதான் வந்தேன்."

நாம் போய்ச் சேர்ந்தபோது தளம் முடிந்திருந்தது. மேஸ்திரி கை கால் கழுவிக்கொண்டு, "இன்னா சார், இப்டி ஆயிப்போச்சு" என்றார். அவ்வளவுதான். ஆட்கள் பிரியாணி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஐட்டம் இல்லாமலும் தளம் நன்றாகத்தான் காய்ந்தது. இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ராத்திரியே உங்கள் அம்மாவுக்கு நீ எல்லாம் சொல்லிவிட்டாய். அவள் என்னோடு பேச வெகுநாள் ஆனது. ஆனால் வெளியில் போன கதை வேறு. நான் முதலில் சொன்ன பொய்யைத்தான் உங்கள் மாமா வாசலில் நின்று கேட்டிருந்தார். அதையேதான் சொந்தக்காரர்களிடம் சொன்னார். நான் மாற்றிச் சொன்னது அவருக்குத் தெரியாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் பேரும் இழுபடும். என்னிடம் யாராவது கேட்டால் நான், "விடுங்க, சின்னப் புள்ள" என்பேன். உன்னை மன்னித்துவிட்ட அப்பன் மாதிரி. ‘தொடாத மனுஷன், பாவம், பொண்ணு இப்டி பண்ணிட்டுது’ என்று என்மேல் அவர்களுக்கு இரக்கம்கூட வந்தது. அந்த இரக்கத்தையும் நான் வாங்கிக்கொண்டேன்.

கிரகப்பிரவேசத்தன்று நீ காபி தட்டோடு ஹாலுக்கு வந்தாய். சொந்தத்தில் ஒரு பெரியவர், "இன்னா பாப்பா, இன்னிக்கு எங்க வண்டி சாவிய பத்திரமா வெச்சுக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

நீ தட்டை அவர் முன்னால் நீட்டினாய், அவர் எடுத்துக்கொண்டார். மிச்சப் பேருக்கும் கொடுத்து முடித்தாய். அப்புறம் சமையலறையில் டம்ளர் கழுவும்போது, நான் தண்ணீர் குடிக்க வந்தேன். நீ குழாயை நிறுத்தாமலே சொன்னாய்: "அவங்கள்லாம் சிரிக்கட்டும். நீயும் சிரிச்சியே."

எழுத்து வராத நான் இதை எழுத உட்கார்ந்தது அந்த வார்த்தைக்காகத்தான். தம்பி, உன் அக்கா சாவியைத் திருடவில்லை. நான் கொடுத்தேன். பையை அவளாக எடுக்கவில்லை. நான் எடுக்க வைத்தேன். பெண் பிள்ளை, யூனிபார்ம், யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று கணக்குப் போட்டவன் நான். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமா வீட்டுக்கும் அந்தப் பெரியவர் வீட்டுக்கும் நான் போகப்போகிறேன். அதற்கு முன்னால் உங்கள் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இது.

பாப்பா, உனக்கு இப்போது காலேஜ். உன்கூடப் படிக்கும் பிள்ளைகள் பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸ் எடுத்து வண்டியில் வருகிறார்கள். உனக்கு இன்னும் வருஷக்கணக்கில் அது இல்லை. நான் போட்ட தளத்தின் கீழே இருந்து கிளம்பி, நீ மெயின் ரோட்டுக்கு நடந்து, ஆவடி பஸ் பிடித்து, அங்கே இறங்கி இன்னொரு பஸ் ஏறுகிறாய். நான் கம்பெனி வேனில் வேறு பக்கம் போய்விடுகிறேன். நீ நிற்கும் நிறுத்தம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது.

போன வாரம் ஒரு நாள் காலையில் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போன பிறகு, அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போய்ப் பார்த்தேன். கூரை இல்லை, பெஞ்சு இல்லை. ஒரு கம்பமும், அதன் பின்னால் புதராக வளர்ந்த வேலிக்காத்தானும்தான். ஒரு கிளை கம்பத்தைத் தாண்டி, ஆள் நிற்கிற இடத்துக்கே சாய்ந்து கிடந்தது. ஒதுங்கினால் ரோட்டில் இறங்கித்தான் நிற்க வேண்டும். பக்கத்துத் தண்ணீர் கேன் கடையில் ஒரு கத்தியை இரவல் வாங்கி வந்தேன். கிளையை வெட்டி இழுத்துப் பள்ளத்தில் போட்டேன். சின்னச் சின்ன முள் தரையில் சிதறியிருந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறலயா?" என்றார். இல்லை என்று கையைக் காட்டிவிட்டு மிச்சத்தையும் பொறுக்கினேன்.